திங்கக்கிழமை சரியாயிரும்

மூன்று வருசத்துக்கு முந்தி, ஹட்டனுக்கு மேலே இருக்கிற எங்க தேயிலைத் தோட்டத்து ஒபிஸில் நடந்தது இது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கத்தான் ஒபிஸுக்குள் வந்தேன். பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் பழகிக்கொண்டேன்.

எங்க கம்பெனிக்கு நிறையத் தோட்டங்கள். முன்பெல்லாம் யாருக்காவது பாஸ்வேர்ட் மறந்தால்கூட கொழும்புக்குத்தான் போன் எடுக்க வேண்டும். அந்த வருசம், அந்தந்தத் தோட்டத்து ஆட்களை அந்தந்தத் தோட்டமே பார்த்துக்கொள்ளட்டும் என்று கொழும்பில் முடிவெடுத்து, எங்க தோட்டத்துக்கு என்னைப் போட்டார்கள். எங்க ஆட்கள் கம்ப்யூட்டரிலும் போனிலும் உள்ளே போகிற எக்கவுண்டை நான் திறக்கலாம், பூட்டலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். எழுதினது கொழும்பில் தெரியும். வேலையை விட்டுப் போகிறவர்களை அன்றைக்கே பூட்டிவிட வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு.

எனக்குச் சந்தோசத்தைவிட பயம்தான் வந்தது. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு நாலு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போவாங்களே, அந்தப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

"ஏன்டி, உன் கையிலயா சாவியக் குடுத்தாங்க? இனி மேனேஜர் தொரையே உள்ள போக முடியாது!"

அக்கா மாசாமாசம் பிள்ளைகளை நிறுத்து, எடையையும் போட்டோவையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவாங்க. கொழுந்துக்கு மட்டும்தானா தராசு என்பாங்க.

பிறகு அவங்களுக்குச் சுகமில்லாமல் போய், கொழும்பு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளைகளை நிறுக்கிறதை உதவிக்கு இருந்தவள் பார்த்துக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை ஒபிஸில் யாரோ, "அவங்க இனி வேலைக்கு வர மாட்டாங்களாம்" என்றார்கள். வேலையை விட்டுட்டாங்களா, லீவில் இருக்காங்களா என்று பெரிய கிளாக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பூட்டாமல் விட்டு, கொழும்பிலிருந்து கேள்வி வந்தால் என்ன செய்வது என்ற பயம். "வேலையை விட்டவர்" என்று எழுதிப் பூட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் அக்கா போன் எடுத்தாங்க. குரல் காய்ந்து போயிருந்தது.

"ஏன்டி, நான் செத்துட்டேனா? போன்ல உள்ளயே விட மாட்டேங்குதே."

"லைன் கோளாறுக்கா. திங்கக்கிழமை சரியாயிரும்" என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

"ரெட்டைப் பிள்ளைகள்ல சின்னது எடை ஏறிருச்சான்னு பாக்கணும்டி, வேற ஒன்னுமில்ல. சரி, திங்கக்கிழமை வரைக்கும் இருக்கேன்" என்று சிரிச்சாங்க.

திறக்க ஒரு நிமிசம் போதும். யாரையும் கேட்கவும் தேவையில்லை. ஆனால் காரணம் எழுதுகிற இடத்தில் "தவறுதலாகப் பூட்டியது" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. படிக்காதவளிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று கொழும்பில் பேசிக்கொள்வார்களே! வேறு நல்ல காரணம் ஒன்றை யோசித்து யோசித்தே சனியும் ஞாயிறும் போனது. பிள்ளைக் காம்பரா ஒபிஸுக்குக் கீழேதான். நடந்து போய் எடையைக் கேட்டு அக்காவுக்குச் சொல்லியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு நேரமும் நான் என்னைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை, வருவது வரட்டும் என்று விடியவே கிளம்பினேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு வந்த ஆட்கள் கூடையில்லாமல் நின்றார்கள். தோட்டத்தில் சாவு என்றால் யாரும் மலைக்கு வேலைக்குப் போக மாட்டார்கள். யார் என்று நான் கேட்கவே இல்லை.

ஒபிஸில் பெரிய கிளாக்கர், அக்காவின் எக்கவுண்டை இன்றைக்கே பூட்டிவிடச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமையே பூட்டிட்டேங்க."

"கெட்டிக்காரி" என்றார். "இப்படித்தான் இருக்கணும்."

பின்னேரம் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். சுவரில் அக்கா எழுதிவைத்த பிள்ளைகளின் பெயர்கள் அப்படியே இருந்தன. ரெட்டையில் சின்னது முந்நூறு கிராம் கூடியிருந்தது. மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது யாரைப் பூட்டுவதென்றாலும் முதலில் அவங்களுக்கே ஒரு போன் எடுத்துவிடுவேன். தப்பை ஒத்துக்கொள்ள நான் எடுத்துக்கொண்ட அந்த இரண்டு நாளும் என்னுடையது இல்லை, அக்காவுடையது என்பது மட்டும் இன்றைக்கும் மனசை அறுக்கிறது.