அண்ணா கேட்ட சாய்ரோ

அண்ணா யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் பிறந்தார். பார்க்டேலில் ஐந்து பேருடன் ஓர் அறையில் கனடா வாழ்க்கையைத் தொடங்கினார். மிசிசாகாவில் விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் சமையல்கூடத்தில் ஓய்வு பெறும்வரை உழைத்து, சகோதரங்கள் எங்களை ஒவ்வொருவராகக் கனடாவுக்குக் கூப்பிட்டெடுத்தார். தமக்கென்று எதையும் கேட்டறியாதவர், கடைசி வாரத்தில் ஒன்று கேட்டார்.

அவருடன் வேலை செய்தவர் பவுஸ்தினோ, பொலிவிய மலைநாட்டு அய்மாரா இனத்தவர். அவர் வைக்கும் சாய்ரோ என்ற சூப்பில் ஆட்டிறைச்சி, கரட், பட்டாணி, கோதுமை இருக்கும். பனியில் உறையவிட்டு, மிதித்து நீரெடுத்து, வெயிலில் காயவைத்த கறுப்பு உருளைக்கிழங்கும் இருக்கும். “உது எங்கட ஒடியல் கூழுக்கு ஒன்றுவிட்ட தம்பி” என்பார் அண்ணா, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் எங்கள் ஊர்க் கூழை நினைத்து.

அண்ணா ஆஸ்பத்திரியிலிருந்து அதைக் கேட்டதும் பவுஸ்தினோ அண்ணாவின் வோபர்ன் வீட்டுக்கு வந்து சூப்பை வைத்தார். கிழங்கைத் தனியே ஊறப்போட்டுவிட்டு, காலையில் அதைப் பிழிந்து சூப்பில் சேர்க்கும்படி அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி அன்றிரவு ஆஸ்பத்திரியில் அண்ணாவுடன் தங்கிவிட்டார். காலையில், இதொன்றும் தெரியாமல் அவர்கள் வீட்டுக்குப் போன நான் தண்ணீரில் மிதந்த கறுப்புக் கிழங்குகளைக் கண்டேன். மண்வாடை அடித்தது. பழுதாகிவிட்டன என்று கழிவுத் தொட்டியில் கொட்டினேன். நோய் விசாரிக்க ஆட்கள் வருவார்கள், வீடு துப்புரவாக இருக்கவேண்டும் என்பதே என் கவலை. குப்பை வண்டி போனபின் அண்ணியின் அழைப்பு வந்தது.

“கிழங்கைப் பிழிஞ்சு போட்டிட்டீரோ?”

சூப்பை மட்டும் கொண்டுபோனேன். அண்ணா ஒரு கரண்டி குடித்தார்.

“கிழங்கு எங்க, தங்கச்சி?”

“நாளைக்குக் கொண்டுவாறன், அண்ணா.”

“அப்ப நாளைக்கே குடிக்கிறன்.”

பவுஸ்தினோவிடம் சொல்லக் கூச்சப்பட்டு, தென்னமெரிக்கக் கடைகளில் தேடி ஒரு பொதி வாங்கி ஊறப்போட்டேன். அது ஊறுமுன் அண்ணா போய்விட்டார். அந்தக் கிழங்கை என்ன செய்வதென்று தெரியாமல் அன்று மூன்று முறை தண்ணீர் மாற்றினேன்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு அண்ணாவுக்குப் பிடித்தவற்றைச் சமைத்துப் படைத்தோம். சாய்ரோவைப் பவுஸ்தினோவே வந்து வைத்தார். அண்ணாவின் படத்தின் முன் நின்றபடி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: “அன்றைக்குக் குடித்தாரா?”

“ஓம்” என்றேன்.

‘ஆம்’ என்பதற்கு அண்ணா அவருக்குக் கற்றுக்கொடுத்த சொல் அது. “ஓம், ஓம்” என்று கண்ணைத் துடைத்தார். அண்ணி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு விளக்குத் திரியைத் தூண்டினார்.

அண்ணாவைப் பராமரித்த தாதியருக்கும், ஈமக் காரியங்களில் தோள்கொடுத்த உறவினர், அயலவர் அனைவருக்கும் எங்கள் நன்றி. பவுஸ்தினோவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இந்த நினைவு மலரில் அவருக்குரிய பிரதியை நானே கொண்டுபோகிறேன். இந்தப் பக்கத்தை அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

– தங்கை