குருவி பார்க்க வந்தவர்கள்

பறவை பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு நாள் பஞ்சாலைக்குள் வந்து நிற்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு மில்லில் எனக்கு நூல் நூற்கும் வேலை. வாரம் முழுக்க இரைச்சல். வீட்டில் வந்து படுத்தாலும் மிஷின் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். விடுமுறையன்று மற்றவர்கள் சினிமாவுக்குப் போனார்கள். நான் பழைய சாமான் கடையில் வாங்கிய பைனாகுலரை மாட்டிக்கொண்டு, அலங்காநல்லூர் போகும் வழியில் இருந்த ஒரு கண்மாய்க்குச் சைக்கிள் மிதித்தேன். பைனாகுலரில் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்திருந்தது. ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பேன்.

அங்கே அமைதி என்று பொய் சொல்ல மாட்டேன். நாமக்கோழிகள் ஓயாமல் சண்டை போடும். ஆனால் எதுவும் என்னை வேலை வாங்காது. முக்குளிப்பான் தண்ணீருக்குள் போகும். இங்கேதான் எழும் என்று ஓரிடத்தை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். வேறிடத்தில் எழும். அதைப் பார்க்கத்தான் போனேன்.

முதல் நாள் கரையில் நின்று பைனாகுலரைத் தூக்கியதுமே ஒருவன் மண்வெட்டியோடு ஓடிவந்தான். என் வயதுதான் இருக்கும். அந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி. மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் விடுவது அவன் வேலை. அறுப்பின்போது வயல்காரர்கள் அளக்கும் நெல்தான் அவன் வீட்டுச் சோறு.

"யாருய்யா நீ? அளக்க வந்தியா?"

அவன் பயந்ததில் தப்பில்லை. ஊரை ஒட்டிய கண்மாய்களை ஒவ்வொன்றாக மேடாக்கிக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

"குருவி பாக்க வந்தேன்."

"குருவியா? அதுக்கா இம்புட்டுத் தூரம் மிதிச்சு வந்த? எவன்கிட்ட கத விடுற?"

சட்டையைப் பிடித்துக் கரையிலிருந்த அய்யனார் முன்னால் கொண்டு நிறுத்தினான். சூடம் கொளுத்தினான். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னான். எரிச்சலோடு அணைத்தேன். உள்ளங்கை சுட்டது. அன்றிலிருந்து நான் அவனுக்கு அண்ணன்.

பிறகு அவனும் பைனாகுலரை வாங்கிப் பார்ப்பான். "அண்ணே, அக்கரையில மீன் களவாங்குறது எங்க மாப்ளதேன். மீசையக்கூட எண்ணலாம்ணே!" என்று சிரிப்பான். சத்தம் போடும் ஆடு மேய்ப்பவர்களை, "ஏய், அண்ணன் குருவி பாக்குறாருல்ல!" என்று விரட்டுவான்.

இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது. அடுத்த பங்குனியில் தண்ணீர் நடுவில் சுருங்கி, நாரைகள் கூட்டமாக இறங்கியிருந்தன. அன்று நான் போனபோது கரை நெடுக வெள்ளையடித்த கற்கள் நட்டிருந்தார்கள். ஒரு கல்லின் மேல் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

அவன் சிரித்துக்கொண்டே வந்தான். "உங்க ஆளுக வந்துருந்தாகண்ணே. மூணு கால்ல நிக்கிற பெரிய கொழா. உங்களுது மாதிரியே ஒத்தக் கண்ணால பாத்தாக. நாந்தேன் கோடு போட்ட குச்சியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். குருவி கலைஞ்சிரும், சத்தம் போடாதீகன்னேன். சிரிச்சாக."

"அவங்ககிட்ட சூடம் அணைக்கச் சொன்னியா?"

"எதுக்குண்ணே? ஒரு வீட்டுல ஒருத்தர் அணைச்சாப் போதும்ல. நீங்க அணைச்சுட்டீகளே."

அவர்கள் சர்வேக்காரர்கள் என்று சொன்னேன். கண்மாயில் காலனி வரப்போகிறது என்று சொன்னேன். இதையெல்லாம் பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவன் கல்லைப் பார்த்தான். போய்க் காலால் உதைத்தான். கல் அசையவில்லை.

"அப்ப அவுக குருவி பாக்க வரலையா?"

"இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ மொத நாளு வந்தன்னைக்கே ஒன்னைய அடிச்சு வெரட்டிருக்கணும்யா. அப்பறம் எவன் கொழாயோட வந்தாலும் வெரட்டிருப்போம். இப்ப எந்த வயலுக்கு நான் தண்ணி கட்ட?"

நான் என்ன செய்தேன்? குருவிதானே பார்த்தேன்? சொல்ல வாயெடுத்தேன். அவன் கையில் மண்வெட்டி இருந்தது. அதற்குப் பயப்படவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் சைக்கிளைத் திருப்பினேன்.

ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள், அலைந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கரையை வெட்டி லாரி லாரியாக மண் அடித்தார்கள். அவன் குடும்பத்தோடு எங்கோ கட்டட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த ஐப்பசியில் ஒருமுறை போனேன். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளங்களில் மழைத்தண்ணீர் நின்றது. கண்மாய் என்று நினைத்து ஒரு முக்குளிப்பான் அதில் வந்து இறங்கியிருந்தது. முங்கியது. முங்கிய இடத்திலேயே எழுந்தது. போக இடமில்லை.

அய்யனார் பக்கத்தில் நின்ற இரண்டு ஊர்க்காரர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைனாகுலர் பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.