பிரிக்காமல் எப்படிப் படிப்பது?

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் நகராமல் நின்றது. முன் இருக்கையில் இருந்த நெசவாளர் திரும்பி, "கோமதியம்மா பூட்டாங்க, தெரியாதா சார்? முந்தாநேத்து மணவூர்ல எடுத்துட்டாங்க" என்றார். எங்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பதினெட்டு ஆண்டுகள் என் பக்கத்து மேஜையில் தட்டச்சராக இருந்தவர். துக்கத்துக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பட்டது அப்படி.

எண்பதுகளின் கடைசியில் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பட்டியல் போடும் மென்பொருள் டிஸ்க்கைச் சென்னைக் கம்பெனி ஒன்று ஒட்டிய உறையில் அனுப்பியது. ஆசையில் அதைக் கிழித்தவன் நான். அரசின் தொகுப்பு வீடு கேட்ட நெசவாளர்களின் பெயர்களைக் கோமதியம்மா ஏற்றினார். அச்சான பட்டியலில் கடைசிப் பதினோரு குடும்பங்கள் இல்லை. யாரும் கவனிக்குமுன் அது மேலிடத்துக்குப் போய்விட்டது.

"எங்க பேர ஏம்மா உட்டுட்டே?" என்று ஒரு பெண் அவர் முன்னால் அழுதாள். மேலாளரோ அவரிடமே விளக்கம் கேட்டார். கோமதியம்மா எல்லார் கண்ணெதிரிலும் பெயர்களை மறுபடி ஏற்றிக் காட்டினார். அதே பதினொன்றும் மறுபடி காணாமல் போயின.

கம்பெனி ஆள் வந்து, உறைக்குள் இருந்த ஆங்கிலத் தாளை நீட்டினார். உறையைப் பிரித்தாலே நிபந்தனைகளை ஏற்றதாகும். எந்தப் பிழைக்கும் கம்பெனி பொறுப்பல்ல என்றது அது.

"படிக்கணும்னா பிரிக்கணும். பிரிச்சா ஒத்துக்கினதா ஆயிடுமா? இது என்னாங்க நியாயம்?" என்றார் கோமதியம்மா.

தட்டச்சர் தவறு என்று எழுதிக்கொடுத்தால் வேறு டிஸ்க் தருவதாகச் சொன்னார் அந்த ஆள். மேலாளர் பேனாவை எடுத்தேவிட்டார். கோமதியம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவங்க தப்ப என் தலைல எழுதாதீங்க சார்."

அவரே நெசவாளர்களைக் கூட்டிப் பேசி, சங்கத்தின் பெயரில் நுகர்வோர் மன்றத்துக்குப் புகார் போகவைத்தார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. "உறையைப் பிரித்தது யார்?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார். நான் எழுந்தேன். மன்றத் தலைவர் குறுக்கிட்டு, "நிபந்தனை உறைக்கு வெளியே இருந்ததா?" என்று வக்கீலையே கேட்டார். கண்ணில் காட்டாத நிபந்தனை வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது. மென்பொருளில்தான் பிழை என்று கம்பெனி எழுதிக்கொடுத்தது. அதைக் காட்டி ஒன்பது குடும்பங்களுக்கு வீடு வாங்கினோம். மற்ற இரண்டும் அதற்குள் ஊரைவிட்டே போய்விட்டன. அவர்களிடம் கம்பெனி ஒரு வார்த்தை வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்வேன். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் நான் உட்கார்ந்து முழுக்கப் படிக்கிறேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். கோமதியம்மாவிடமிருந்து எனக்கு வந்த பிடிவாதம் அது. யாருக்காகவும் அதை விடுவதாக இல்லை.