நடு இருக்கையில் ஒரு நிமிடம்

ராகி மாவு சலிப்பது போல ஒரு சத்தம். நாற்பது வருடங்களுக்கு முன்பு, தர்மபுரியில் எங்கள் ரேடியோ கடையின் பின்னறையில் கேட்டது. கல்யாணமாகிப் புதிதாக வந்திருந்த என்னை என் கணவர் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் உட்கார வைத்தார். பாட்டு எதுவும் போடாமல் வால்யூமை மட்டும் ஏற்றிவிட்டு, "ஏதாச்சும் கேக்குதா?" என்றார். "யாரோ தூரத்தில் மாவு சலிக்கிறார்கள்" என்றேன். சேலத்தில் தமிழ் படித்துவிட்டு வந்தவள். ஒன்றை இன்னொன்றாகச் சொல்லும் வியாதி அப்போதே உண்டு. அவர் சிரிக்கவில்லை. "அந்த மாவு இருக்கற வரைக்கும் வேலை முடியலைன்னு அர்த்தம்" என்றார்.

எங்கள் தொழிலில் சத்தத்தை வரவழைப்பது சுலபம். வேண்டாத இடத்தில் அது வராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. ரேடியோ கடை டிவி கடையாகி, இப்போது வீடுகளில் ஹோம் தியேட்டர் அறை அமைத்துக் கொடுக்கும் கடையாகிவிட்டது. வழக்கம் மட்டும் மாறவில்லை. வேலை முடிந்ததும் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, படம் எதுவும் போடாமல் வால்யூமை ஏற்றிவிட்டு, நடு இருக்கையில் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். மாவு சலிக்கவில்லை என்றால்தான் ரிமோட் வீட்டுக்காரர் கைக்குப் போகும். என் கணவர் இருந்தவரை அவர் உட்கார்ந்தார். அவர் காலமான பிறகு, எட்டு வருடமாக நான்.

ஒயர், திரை, புரொஜெக்டர் எல்லாம் ரங்கப்பாவின் கை. இருபது வருடமாக எங்களிடம் இருக்கிறார். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், ஒயர் சிக்கிக்கொண்டால் இரண்டும். இரண்டு பெண்களைக் கல்லூரியில் படிக்க வைக்கிறார். "என்றைக்கு எனக்கு மாவு கேட்காமல் போகிறதோ, அன்றைக்குக் கடையை மூடிவிடுவேன் ரங்கப்பா" என்று ஒருமுறை அவரிடம் சொல்லிவிட்டேன். அந்த நாள் வெகு தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை.

கன்னி மூலை

பாலக்கோடு பக்கம் ஒரு சிமெண்ட் கடைக்காரர் மாடியில் தனி அறையே கட்டியிருந்தார். அறை அருமை. ஆனால் அடித்தொண்டைச் சத்தமும் அதிர்வும் தரும் பேஸ் பெட்டியைத் தென்மேற்கு மூலையில்தான் வைக்க வேண்டும் என்றார். வாஸ்துப்படி கன்னி மூலையில் கனமான பொருள் இருக்க வேண்டுமாம். அந்த அறையிலேயே அதிகக் கனம் அந்தப் பெட்டிக்குத்தான். மூலையில் வைத்தால் சத்தம் இரண்டு சுவரிலும் மோதி அண்டாவுக்குள் பேசுவது போல ஆகிவிடும் என்று, இதே தொழிலில் இருக்கும் நீங்களும் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பீர்கள். நானும் சொன்னேன்.

போட்டுக் காட்டினோம். கதாநாயகன் மெதுவாகக் கதவைச் சாத்தினான். கீழ் வீட்டில் பாத்திரம் உருண்டது. ரங்கப்பா என்னைப் பார்த்தார். வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாம்மா, மூலைக்கு இப்பத்தான் ஒரு கனம் வந்திருக்குது."

புளி

கம்பைநல்லூரில் ஒரு புளி வியாபாரி. தியேட்டர் அறை கட்டிக் கொடுத்து ஆறு மாதம் கழித்து, திரை மங்கலாகத் தெரிகிறது என்று போன் செய்தார். போய்க் கதவைத் திறந்தால் பின்சுவர் முழுக்கப் புளி மூட்டை, கூரை வரைக்கும். மங்கலுக்குக் காரணம் லென்ஸில் படிந்திருந்த தூசி. துடைத்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டோம்.

அப்படி ஒரு தெளிவை நான் அந்த மாவட்டத்தில் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. எதிரொலியை எல்லாம் மூட்டைகள் குடித்துவிட்டிருந்தன. பாடுகிறவள் மூச்சு வாங்குவது, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் உதடு பிரிவது எல்லாம் கேட்டது. அதைச் சொல்லி, மூட்டைகளை எடுக்காதீர்கள் என்று வியாபாரியின் மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். அந்தம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நாங்க எங்கீங்க எடுக்கப் போறோம்? இந்த ரூமு கட்டுனதுல ஒரே நல்லது, ஏசியில புளி கறுக்காம இருக்குது."

பல்லி

கடைக்கு மேலேதான் என் வீடு. போன வருடம் ஒரு சாயங்காலம், வீட்டில் பல்லியே இல்லாமல் போய்விட்டது என்று தோன்றியது. எத்தனையோ நாளாக ஒன்றும் சொல்லவில்லை. டியூப் லைட் பக்கம் பார்த்தேன். இருந்தது. தொண்டை துடித்தது, வாய் திறந்தது, மூடியது. எனக்கு ஒன்றும் வரவில்லை. காற்றிலிருந்து யாரோ அந்தச் சத்தத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டது போல இருந்தது.

அடுத்த வாரம் ஒரு வீட்டில் நடு இருக்கையில் என் ஒரு நிமிடத்தை உட்கார்ந்து முடித்து, "சுத்தம்" என்றேன். ரங்கப்பா தலையாட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போய்க் குனிந்தார். ஒரு திருகைத் தொட்டுவிட்டு வந்தார். சுத்தம் என்ற பிறகு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்கம்மா, தூசி தட்டினேன்."

அவர் கையில் துணி இல்லை.

மூணாவது கியர்

பென்னாகரத்தில் ஒரு ரிட்டையர்டு டிரைவர். ஒகேனக்கல் பஸ்ஸை முப்பது வருடம் மலையில் ஏற்றி இறக்கியவர். என்ஜின் பக்கமிருந்த காது அநேகமாகப் போய்விட்டது. அப்பா சத்தம் வைத்தால் தெருவே கேட்கிறது என்று, மகன் அவருக்காக ஒரு சின்ன அறையைத் தனியாகத் தயார் செய்திருந்தான். எவ்வளவு வால்யூம் வேண்டும் என்று மகனிடம் கேட்டேன். பெரியவர் குறுக்கிட்டு, சத்தம் எல்லாம் வேண்டாம், பேஸ் பெட்டியை அவருடைய நாற்காலியோடு ஒட்டி வைத்தால் போதும் என்றார். வைத்தோம். நாற்காலியின் மரக்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ரோடு பார்ப்பது போலவே உட்கார்ந்திருந்தார்.

காது போனது வருத்தமாக இல்லையா என்று அவரிடம் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சத்தமாக, ஆனால் சாவகாசமாகச் சொன்னார்: "மூணாவது கியரு விழுந்துதா இல்லையான்னு உக்கார்ற எடத்துலதாம்மா எனக்குத் தெரியும். காதை நான் எந்தக் காலத்துல நம்புனேன்?"

மிக்சி

நம் தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேரும் பட்டது இது. "வந்தது வந்தீங்க, அந்த மிக்சியையும் ஒரு பார்வை பாருங்க." மிக்சி இல்லையென்றால் மோட்டார். மோட்டார் இல்லையென்றால் வாசல் மணி. அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டி, கணவன் மனைவி இரண்டு பேரும் ஆசிரியர்களாக இருந்த ஒரு வீடு. வேலை முடிகிற நேரத்தில் அந்தக் கணவர் ரங்கப்பாவைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது ரங்கப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார். "அம்மா, நான் வந்தர்றேன். நீங்க அவசரப்படாதீங்க" என்றார். எனக்கு ரோஷம் வந்தது. கதவைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், வால்யூமை ஏற்றினேன், உட்கார்ந்தேன்.

என்ன அமைதி. லாரிகூட இல்லாத ஒரு நிமிடம். இந்தக் காதுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று எழுந்து, கதவைத் திறந்து, ரிமோட்டை அந்த ஆசிரியை கையில் கொடுத்தேன். அவர் அறைக்குள் இரண்டடி வைத்து நின்றார். தலையைச் சாய்த்தார். என்னைப் பார்த்து, மரியாதை குறையாமல், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்கயோ மாவு சலிக்கிறாப்பல இருக்குதே, உங்களுக்குக் கேக்கலீங்களா?"

வண்டியில்

ரங்கப்பா வந்து திருகைச் சரி செய்தார். மிக்சியும் ஓடியது. வண்டியில் ஏறிச் சுங்கச்சாவடியைத் தாண்டினோம். பிறகு நான், இந்த மாதத்தோடு கடையை மூடிவிடலாம் என்றேன். அவர் வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார்.

"இது எத்தனை நாளாகத் தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமாங்கம்மா. நீங்க உக்கார்றதுக்கு முன்னாடியே நான் கேட்டு முடிச்சுருவேன். சில நாள் முடியாது. அப்ப பின்னாடி போயித் தூசி தட்டுவேன்."

"ஏன் சொல்லவில்லை?"

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சொன்னா மூடிருவீங்க. மூடுனா நான் எங்க போவேன்? பெரிய பொண்ணுக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு இருக்குது. அது பாதி." நிறுத்தி, கன்னடத்தில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டு, பிறகு தமிழுக்கு வந்தார். "ஐயா போன பொறவு, அந்த ஒரு நிமிசம் மட்டுந்தான் நீங்க நிம்மதியா உக்காந்து பாக்கறேன். அதை எப்படிங்க நான் எடுக்கறது?"

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இரண்டு வருடமாக நான் காவல் காத்ததாக நினைத்த அமைதியை, இன்னொருவர் எனக்கு முன்பே பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறார். நான் வந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன், திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி. அதைச் சொன்னதும் அவர் முதல் முறையாகச் சிரித்தார். "பெரிய மனுசி வந்தாத்தானுங்க வூட்டுக்காரன் நம்பறான். நான் சுத்தம்னு சொன்னா, இன்னொரு தடவை பாருன்னுவான்."

உண்மைதான். இருபது வருடமாக மிக்சி பார்க்கும் மனிதனின் காதுக்கு என்ன கேட்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அன்றைக்குக் கடைக்குப் போனதும், பின்னறையில் அந்தப் பழைய ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். பாட்டு எதுவும் போடாமல் வால்யூமை ஏற்றினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எனக்குக் கேட்காத ஒன்றை எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னார்: "இருக்குதுங்கம்மா. பொடி மாவு. கடைசிச் சலிப்பு."

கடை இப்போது ரங்கப்பாவின் பெயரில் இருக்கிறது. நடு இருக்கையில் அவர் உட்காருகிறார், நான் கதவுக்கு வெளியே நின்று, மிக்சியைப் பார்க்கச் சொல்லி வருகிறவர்களிடம் எனக்குக் காது கேட்காது என்று உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.