புண்ணியத்துக்குப் போன மேல்மண்

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கருங்கல் குவாரிக்கு மேல்மண் அளக்கப் போனேன். என் பிழைப்பு அதுதான். பாறையை வெட்டுவதற்கு முன் அதன் மேலிருக்கும் நல்ல மண்ணைத் தனியாக வழித்துக் குவித்து வைக்க வேண்டும். கல் தீர்ந்ததும் பள்ளத்தை மூடி, அந்த மண்ணை மேலே பரப்ப வேண்டும். அப்போதுதான் அங்கே மறுபடி ஏதாவது விளையும். இதை நான் விளக்கும்போது குவாரிக்காரர்கள் வைத்துக்கொள்ளும் முகம், கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாரைப் புகழ்கிறவர்களின் முகம்.

நிலம் ஓர் அம்மாவுடையது. ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை. அந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தைக் குவாரிக்குக் குத்தகை விட்டிருந்தார். நான் குழி தோண்டி டேப் வைத்துப் பார்த்த இடமெல்லாம் கூடவே நடந்தார். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கல்ல எடுத்துக்கட்டும் சார். மண்ணு திரும்பி வந்துடுமில்ல? வரலன்னா அது எனக்கு நெலமில்ல, வெறும் பள்ளம்."

"வந்துடும்மா" என்றேன்.

மேனேஜருக்கு என் குழிகள் பிடிக்கவில்லை. ஓரிடத்தில் முழங்கால் ஆழமிருந்த மண், கொஞ்சம் தள்ளிக் கணுக்கால் அளவுகூட இல்லை. "எல்லா எடத்துலயும் ஒரே அளவுன்னு போட்டுடுங்க சார், பாக்க நீட்டா இருக்கும்" என்றார். மண்ணுக்கு யூனிஃபார்ம் தைக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் மசியவில்லை. ஜேசிபி பக்கத்திலேயே நின்று, அடிமண் கலக்காமல் வழிக்க வைத்தேன். குவியல் நன்றாகவே வந்தது. மழையில் அரிக்காமலிருக்க அதன்மேல் சணப்பு விதைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் குவியலில் பாதியைக் காணோம்.

"மழையில கரைஞ்சிடுச்சி சார்" என்றார் மேனேஜர்.

திருவண்ணாமலை மழைக்கு டிப்பர் ஓட்டத் தெரியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். டயர் தடம் அப்படியே கிடந்தது. அதைக் காட்டினேன். மனிதர் வெட்கப்படவில்லை, நெஞ்சை நிமிர்த்தினார். "வித்தா தின்னோம்? ஓனரு தர்மத்துக்குத்தான் எடுத்தாரு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலைகிட்ட கிரிவலம் வர்றவங்களுக்கு மரக்கன்னு தர்றாரில்ல, அந்தக் கன்னுப் பைங்களுக்கு நல்ல மண்ணு வாணாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடுகிறவனிடம் கொஞ்சம் பயமாவது இருக்கும். இவர்களிடம் இருந்ததோ பக்தி. அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கன்று கொடுக்கும் பந்தல் எங்கே என்று மட்டும் கேட்டார். கேட்க வேண்டிய அதிகாரிகளிடமும் சொன்னேன். அவர்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த பௌர்ணமி சாயங்காலம் அந்தப் பந்தலைப் பார்ப்பதற்கென்றே போனேன். ஃபிளக்ஸில் ஓனர் ஒற்றைக் கையில் பூமி உருண்டையைத் தாங்கி நின்றார். கீழே 'பூமித் தாயின் தவப்புதல்வர்'. நேரில் பட்டு வேட்டியோடு ஒவ்வொரு பையையும் தானே எடுத்துக் கொடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண் பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பையின் ஓரத்தில் அந்த அம்மாவின் போன வெள்ளாமை மல்லாட்டை ஓடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

வரிசையில் அந்த அம்மாவும் இருந்தார். பையை வாங்கியதும் சாலையோரம் போய், கன்றை மெதுவாக உருவி, அங்கே கொண்டுவந்து வைத்திருந்த வாளித் தண்ணீரில் வைத்தார். மண்ணைக் கோணிப்பையில் கொட்டினார். மறுபடி வரிசைக்கு வந்தார். ஓனருக்கு அவர் யாரென்று தெரியவில்லை. குத்தகை பேசப் போனது மேனேஜர்தானே. ஓனர் அவருக்கு மறுபடியும் ஒரு பை கொடுத்து, மறுபடியும் சிரித்தார்.

கோணியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு வந்தவரிடம், "என்னம்மா பண்றீங்க?" என்றேன்.

"என் மண்ண வாங்கிக்கினு போறேன். நீங்கதான சார் அளந்தீங்க? மொத்தம் எத்தினி பை வரும்?"

கணக்கு எனக்குத் தெரியும். இந்தப் பிறவியில் தீராது. சொல்ல மனம் வரவில்லை. அவர் பின்னால் வரிசையில் நின்றேன்.

என் முறை வந்தது. மண் அளக்க என்னை அமர்த்தியவரே ஓனர்தான். பையை நீட்டியவர் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சார், இப்படித் திரும்புங்க" என்றார் கேமராக்காரர். நான் சாலையோரம் போய்க் கன்றை உருவி வாளியில் வைத்துவிட்டு, ஓனர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்ணை அந்த அம்மாவின் கோணியில் கொட்டினேன்.