இரண்டு மதகுக்கு ஒரு கைப்பிடி

கணினியை இயக்கும் கருநிரலில் எனக்குக் கிடைத்தது ஒரே வகைப் பிழையைத் திருத்தும் வேலை. இரண்டு பணிகள் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்கும். 'ஒருவரும் இல்லை' என்று நம்பி இரண்டும் உள்ளே நுழையும். கூட வேலை செய்தவர்கள் இதைப் புத்தகத்தில் படித்தார்கள். நான் அறுபதுகளின் கடைசியில், கிளிநொச்சியில் நெல் விதைத்துப் படித்தேன்.

வாய்க்கால் ஒன்று. அதில் என் மதகு. கால் மைல் தள்ளி அக்காவின் மதகு. அத்தான் இறந்தபின் அந்த வயல்தான் அவருக்கும் பிள்ளைகளுக்கும் சோறு. இரண்டு மதகையும் ஒன்றாகத் திறந்தால் நீர்மட்டம் இறங்கி எந்த வயலுக்கும் ஏறாது. ஆகவே, திறக்குமுன் மற்றவரின் மதகைப் போய்ப் பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம். நான் வயல் வரம்பால் போய் அவருடையதைப் பார்ப்பேன், மூடியிருக்கும். அதே நேரம் அவர் தெருவால் வந்து என்னுடையதைப் பார்ப்பார், அதுவும் மூடியிருக்கும். இருவரும் திரும்பிப் போய் மிகுந்த நேர்மையோடு ஒன்றாகத் திறப்போம்.

"பாத்துப்போட்டுத்தான் திறந்தனான்" என்றேன்.

"நான் மட்டும் பாக்காமலே திறந்தனான்?" என்றார் அக்கா.

வாய்க்காலுக்குப் பொறுப்பான ஓவசியரைக் கூட்டி வந்தோம். அவர் குடையோடு நின்று பார்த்த அன்று பிழை வரவில்லை. ஆள் பார்த்தால் ஒளிந்துகொள்ளும் அந்தக் குணம் கருநிரலிலும் மாறவில்லை. "உங்கடை குடும்பச் சண்டைக்கு என்னை ஏன் இழுக்கிறியள்?" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

திருத்தம் என்னுடையது. மதகுப் பலகையைத் தூக்க ஆளுக்கொரு இரும்புக் கைப்பிடி வைத்திருந்தோம். ஒன்றைக் கிணற்றில் போட்டேன். மற்றதை நடுவில் நின்ற மருதமரத்தில் மாட்டினேன்.

"இனிப் போய்ப் பாக்கத் தேவையில்லை அக்கா. மரத்திலை கைப்பிடி இல்லையெண்டால் நான் தண்ணி கட்டுறன். முடிஞ்சதும் கொண்டுவந்து மாட்டுவன்."

ஒரு மாதம் பிழையே இல்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

நெல் கதிர் தள்ளும் நேரம், ஒரு காலை தண்ணீர் கட்டி முடித்து மதகை மூடினேன். கைப்பிடியைச் சைக்கிள் கரியரில் கட்டியபடியே ஸ்டேஷனுக்குப் போய், சைக்கிளை அங்கே விட்டுவிட்டு, நேர்முகத் தேர்வுக்கு வவுனியாவுக்கு ரயிலேறினேன். மூன்றாம் நாள் திரும்பியபோது எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் முறை முடிந்து அது வற்றியிருந்தது. அந்த நாட்களில் அக்கா காலையும் மாலையும் மரத்தடிக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தப் போகம் அவர் வயலில் பாதிக்கு மேல் பதர். எனக்கு வெட்கம் தாங்கவில்லை, அதனால் கோபப்பட்டேன்.

"ஒருக்கா வந்து என்ரை மதகைப் பாத்திருக்கலாமே அக்கா?"

அவர் பதரைப் புடைத்தபடியே சொன்னார்: "இனிப் பாக்கத் தேவையில்லையெண்டு நீதானே சொன்னனீ."