சுகுணாவின் இரண்டு சீட் கார்

சுகுணா அந்தக் காரை வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது, வேண்டாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். அவள் கேட்கவில்லை. ஓசூரில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. சிவகாசியிலிருந்து வந்து பாகலூர் ரோட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடை போட்டு இத்தனை வருஷமாகியும் நான் இங்கே வெளியூர்க்காரன்தான். பக்கத்துக் கடைக்காரி என்ற முறையில் சுகுணா மட்டும் எதையும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பாள், கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வாள்.

கல்யாணக் கார்களுக்குப் பூ ஜோடிப்பது அவள் தொழில். தளிப் பக்கம் பிறந்தவள், வீட்டில் ரோஜாத் தோட்டம். கல்யாணமாகி ஓசூர் வந்து, கணவன் சென்னப்பனோடு சேர்ந்து கடை நடத்தினாள். ஒருநாள் காலையில் பூ மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த சென்னப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. காரியம் முடிந்த கையோடு கடையைத் திறந்தாள்.

ஆனால் அன்றிலிருந்து அவளிடம் ஒரு பழக்கம் வந்தது. ஜோடித்து முடித்ததும் போய்விடுவாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தாம்பாளத்தோடு வெளியே வருவதற்குள் கத்தரிக்கோலையும் நூல்கண்டையும் பையில் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகக் கிளம்பிவிடுவாள். அவளை யாரும் போ என்று சொன்னதில்லை. சொல்லும்படி அவள் வைத்துக்கொண்டதில்லை. புருஷன் இல்லாதவள் மாப்பிள்ளைக் காருக்கு முன்னால் நிற்கிறாளே என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. அதனால் தான் ஜோடித்த கார் ஊர்வலம் போவதை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று அவளே சொல்லுவாள், சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

டிராவல்ஸ்காரர்கள் தாங்களே ஆள் வைத்து பிளாஸ்டிக் பூ ஜோடிக்க ஆரம்பித்தபோது அவளுக்கு வேலை குறைந்தது. சொந்தமாக ஒரு கார் இருந்தால் யார் தயவும் வேண்டாம் என்று முடிவுசெய்தாள். அதிலும் திறந்த கார்தான் வேண்டுமாம். ரோஜா திறந்த காரில்தான் எடுபடும் என்றாள். பெங்களூரில் ஒருவர் வெளிநாடு போகிறார், காரை விற்கிறார் என்று போனில் விளம்பரம் பார்த்து என்னையும் மெக்கானிக் சிவராஜையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஜப்பானில் செய்த கார். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. யாரோ ஒரு காலத்தில் கப்பலில் கொண்டுவந்தது. உள்ளே உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். துணியால் ஆன கூரை, இரண்டு கொக்கியை விடுவித்துக் கையாலேயே பின்னால் மடித்து வைக்கலாம். சிவராஜ் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, இன்ஜின் நல்லா இருக்கு, ஆனா தினமும் பார்த்துக்கணும், விட்டா காலை வாரிடும் என்றார். நான் இரண்டே சீட் இருப்பதைச் சுட்டிக்காட்டினேன். மாப்பிள்ளை ஒருத்தர், டிரைவர் ஒருத்தர், போதாதா என்று கேட்டாள் சுகுணா. இத்தனை வருஷம் கல்யாணத்துக்குப் பூ ஜோடித்தவள், நம் ஊரில் எந்த மாப்பிள்ளையும் தனியாகக் காரில் ஏறியதில்லை என்பதை மறந்துபோனாள். தாய்மாமன் வேண்டும், தோழன் வேண்டும், மடியில் ஒரு குழந்தை வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

முதல் கல்யாணத்திலேயே வினை வந்தது. மாப்பிள்ளை மாலையும் கோட்டுமாக டிரைவர் முனிவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முனிவேலும் சுகுணா வாங்கித் தந்த புதுச் சட்டையில் இருந்தான். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், இரண்டு பேரில் யார் மாப்பிள்ளை என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். மறுநாளே சுகுணா தச்சரைக் கூப்பிட்டு, மடித்த கூரைக்கு மேல் பொருந்துகிற மாதிரி ஒரு பலகை செய்து, பஞ்சு வைத்து, மேலே வெல்வெட் தைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை உயரத்தில் உட்கார்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே காலை வைத்துக்கொண்டு, ஊரே பார்க்கும்படி போனார். அதனால் முன்னால் டிரைவருக்குப் பக்கத்து சீட் ஒன்று காலியானது. அந்த ஒரு சீட்டுக்கு மாமன்களும் மச்சான்களும் போட்ட சண்டையை நான் எத்தனையோ கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன்.

வாடகை வாங்கமாட்டாள். வெள்ளை போர்டு வண்டியாயிற்றே, வாடகைக்கு விடக் கூடாது. பூவுக்குத்தான் காசு, கார் என் அன்பளிப்பு என்பாள். என் காதில் ஒன்றும் விழவில்லை என்பேன்.

காரைப் பார்த்துக்கொள்வது ஒரு குழந்தையை வளர்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. கூரைத்துணி கிழிந்ததற்கு லாரித் தார்ப்பாய் தைப்பவரிடம் போனாள். பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகி ஒன்றும் தெரியாமல் போனது, அதை மாற்றினாள். ஒரு மழைக்குப் பிறகு உள்ளே ஒரே நாற்றம். கம்பளத்தைத் தூக்கினால் குளம் மாதிரித் தண்ணீர். கூரையில் விழும் மழைநீர் வெளியேற இரண்டு ஓரத்திலும் சின்ன ஓட்டைகள் உண்டு, அவற்றை அவளுடைய ரோஜா இதழ்களே அடைத்திருந்தன. அதிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மறுநாள் மெல்லிய கம்பியோடு உட்கார்ந்து இதழ்களைத் தோண்டி எடுப்பாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை சூடு. பறப்பதற்கென்று செய்த கார் அது. நம் ஊரில் அது நாதஸ்வரத்துக்குப் பின்னால் நகர வேண்டும். மெதுவாகப் போனால் இன்ஜின் கொதிக்கும், அதைக் குளிர்விக்கிற ஃபேன் மோட்டாருக்கு வயதாகிவிட்டது. புது மோட்டார் வெளிநாட்டிலிருந்து வரும்வரை சிவராஜ் ஒரு வழி சொன்னார். உள்ளே குளிருக்குப் போடும் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட வேண்டும், இன்ஜின் சூடு அந்த வழியாக வெளியேறும். உட்கார்ந்திருப்பவர் காலில் அனல் அடிக்கும், ஆனால் வண்டி நிற்காது.

இவ்வளவு குணமும் முழுசாகத் தெரிந்தவள் சுகுணா ஒருத்திதான். ஒர்க்‌ஷாப்புக்கு அவளேதான் ஓட்டிக்கொண்டு போவாள். விடிந்தும் விடியாமல் கூரையை மடித்துவிட்டு தளி ரோட்டில் ஒரு சுற்று போய்வந்து, முகமெல்லாம் சிவந்து கடை திறப்பாள். நீயே ஊர்வலத்திலும் ஓட்டலாமே என்று கேட்டால், எதுக்குண்ணா வம்பு என்பாள். அவள் காரே ஆனாலும் ஜோடித்ததும் பின்பக்கமாகப் போகிற பழக்கம் மட்டும் மாறவில்லை. வண்டி கொதித்தால் உடனே வர வேண்டுமே என்று, தெருமுனையில் தன் பூ ஆட்டோவில் தண்ணீர்க் கேனோடு காத்திருப்பாள். ஊர்வலம் பார்வைக்கு வருவதற்குள் அடுத்த முனைக்கு நகர்ந்துவிடுவாள்.

வேப்பனப்பள்ளியிலிருந்து சரோஜம்மாள் பத்திரிகை அடிக்க வந்தது ஆடி மாதத்தில். மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். கணவர் இறந்துபோய் இருபது வருஷமாகிவிட்டது. ஒரே மகன் சுரேந்தர், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அண்ணன் திம்மராயன்தான் எல்லாம் பேசினார். எழுத்து, கலர், யார் பெயர் எங்கே வரவேண்டும் என்று எல்லாம் அவர் முடிவு. அந்தம்மாள் மகன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பிறகு வெளியே போய் சுகுணாவின் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மகனுக்கு இந்தக் கார்தான் வேண்டும் என்று அவர் கேட்டது ஒன்றுதான். அண்ணன் சரி என்றார்.

ஆவணியில் ஓசூரிலேயே கல்யாணம். பத்திரிகை அடித்தவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. சுரேந்தர் மேலே பலகையில், முனிவேல் ஸ்டியரிங்கில், பக்கத்தில் தாய்மாமன் திம்மராயன். சரோஜம்மாள் எங்கே என்று தேடினேன். கூட்டத்தின் கடைசியில், செருப்பு விட்ட இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை ஓரமாக சுகுணாவின் ஆட்டோ. ஒரே கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு பேர் ஒதுங்கி நிற்கிறார்கள், யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

பாதி வழிகூடப் போகவில்லை. காலில் அனல் அடிக்கிறது, புதுப் பட்டு வேட்டி பாழாகிறது என்று திம்மராயன் சத்தம் போட, முனிவேல் பயந்து ஹீட்டரை மூடியிருக்கிறான். கொஞ்ச தூரத்தில் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. முனிவேல் இறங்கி, அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டான். கொதிநீர் கையில் கொட்டியது. அவனை ஒரு பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதற்குள் சுகுணா ஓடிவந்து, முனிவேலைத் தன் தளிப் பக்கத்துக் கன்னடத்தில் திட்டிக்கொண்டே வண்டியை ஆறவிட்டு, பொறுமையாகத் தண்ணீர் ஊற்றினாள்.

இனி யார் ஓட்டுவது? கம்பெனி பஸ் ஓட்டுகிற உறவுக்காரர் ஒருவர் நானாச்சு என்று ஏறினார். கிளட்சை விட்டதும் கார் ஒரு குதி குதித்தது, சுரேந்தர் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தான். அவர் இறங்கிவிட்டார். எல்லாரும் சுகுணாவைப் பார்த்தார்கள். வண்டி அவளுடையது என்று எல்லாருக்கும் தெரியும். திம்மராயன் சீட்டில் உட்கார்ந்தபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அதெல்லாம் வேணாம்மா. நல்ல காரியம் பாரு. நீ தப்பா எடுத்துக்காத."

அவர் கெட்ட மனிதர் இல்லை. தங்கை மகன் நன்றாக இருக்க வேண்டும் என்ற பயம்தான். சுகுணாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

"தெரியும்ண்ணா. நான் தண்ணி ஊத்ததான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு கேனை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரோஜம்மாள் வந்தார். சுகுணாவின் கையிலிருந்த கேனை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"எறங்குண்ணா."

திம்மராயனுக்குப் புரியவில்லை.

"இவன இஸ்கூலுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிட்டுப் போனேன். அப்பல்லாம் ஆகாதுன்னு யாரும் சொல்லல. மண்டபத்துக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். எறங்கு."

அவர் குரல் ஏறவே இல்லை. நாதஸ்வரக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். திம்மராயன் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு இறங்க முயன்றார். அந்தத் தாழ்வான சீட்டிலிருந்து எழுவது லேசில்லை. நானும் பஸ் டிரைவரும் ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கினோம். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இறங்கியதும் அவரே கதவைப் பிடித்துக்கொண்டு தங்கையை உள்ளே உட்காரவைத்தார்.

சரோஜம்மாள் வெளியே நின்றிருந்த சுகுணாவைப் பார்த்து, "நீ வண்டிய எடும்மா" என்றார்.

சுகுணா சேலையில் கையைத் துடைத்தாள். ஏறினாள். சாவியைத் திருப்பி, ஹீட்டரை முழுசாகத் திறந்தாள். காலில் சூடு அடிக்கும் என்று அவள் சொன்னதற்கு, அடிக்கட்டும் என்றார் சரோஜம்மாள். சுரேந்தர் விழாமல் இருக்க அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். கார் ஒரு குலுங்கல் இல்லாமல் நகர்ந்தது. ஓசூர் தெருவில் புருஷன் இல்லாத இரண்டு பெண்கள் முன்னால் உட்கார்ந்து ஒரு மாப்பிள்ளையை அழைத்துப் போனார்கள். நான் காருக்குப் பக்கத்திலேயே நடந்தேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுகுணா ரோட்டைப் பார்ப்பதும், பானெட்டின் மேல் ஆடிக்கொண்டே போகிற தன் ரோஜாக்களைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

மண்டப வாசலில் பெண்ணின் அம்மா சரஸ்வதி ஆரத்தித் தட்டோடு நின்றார். முன்சீட்டைப் பார்த்ததும் தட்டு ஒரு நொடி நின்றது. பிறகு சம்பந்தியம்மாவையும் சேர்த்தே சுற்றினார். சுகுணா ஹாண்ட் பிரேக்கைப் போடுகிற சாக்கில் குனிந்துகொண்டதால், அவளையும் சேர்த்துச் சுற்றினாரா என்று கேட்டால் திட்டமாகச் சொல்ல முடியாது. சேர்த்துத்தான் என்று நான் சொல்லுவேன்.

ஊர் ஒரே நாளில் மாறிவிட்டது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குச் சொல்லிவைத்திருந்த ஒரு வீட்டார் வேண்டாம் என்றார்கள். இன்னொருவர், கார் வரட்டும், ஆனால் டிரைவர் முனிவேல்தானே என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். சுகுணா முகம் சுளிக்காமல் ஆமாம் என்றாள். அவன் கை ஆறிவிட்டது, அவனுக்கும் பிழைப்பு வேண்டும். ஃபேன் மோட்டாரும் ஒருவழியாக வந்துசேர்ந்தது. சிவராஜ் மாட்டிக்கொடுத்தார்.

போன வாரம் நான் அவள் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு போன். காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு பெண், பெயர் சௌமியா. அவளுக்குத்தான் கல்யாணம், அப்பா இல்லையாம், அம்மாதான் வளர்த்ததாம். சுகுணா தேதியைக் கேட்டாள், வழியைக் கேட்டாள். பிறகு அந்தப் பெண் சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தாள். சரிம்மா, வரேம்மா என்று வைத்துவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன சொன்னார்கள், பேரம் பேசினார்களா என்று கேட்டேன்.

"பூவப் பத்தி ஒண்ணுமே கேக்கலண்ணா. காரப் பத்தியும் கேக்கல" என்றாள். "நான் வருவேனான்னுதான் கேட்டாங்க."